கடுக்காய்: தோல் தொட்டியும் அஞ்சறைப் பெட்டியும்



எங்க தாத்தா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்தால் கையெல்லாம் மஞ்சள் கறை. "கடுக்காய்க் கறைம்மா, கழுவினா போகாது" என்பார். அதே கடுக்காய் ஆயாவின் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கும்.

கடுக்காய் மலைக்காட்டு மரம். நம்ம ஜவ்வாது மலையிலும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலைக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அந்தத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் கப்பலேறி லண்டன் வரை போனது. 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் முறையைத் தொடங்கினார். போகப்போக அது பரவியது. வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. ஆனால் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது நமக்கெல்லாம் தெரியும்.

தோலை இறுக்குவது கடுக்காயின் துவர்ப்பு. அதற்கு டானின் என்று பெயர். அதே துவர்ப்புதான் ஈறையும் இறுக்குகிறது. அதனால்தான் வாய்ப்புண்ணுக்குக் கடுக்காய்த் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்தால் திரிபலா.

ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். மூத்தவள் வயிற்றில் அஞ்சு மாசம். மலச்சிக்கல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு ஸ்பூன் கடுக்காய்ப் பொடி குடித்தேன். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு, அடிவயிற்றில் வலி. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இயற்கை மருந்துன்னா கேட்காம சாப்பிடலாமா?" என்று நர்ஸம்மா திட்டினார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால் சகோதரிகளே, கர்ப்பிணிகள் கடுக்காய் சாப்பிடக் கூடாது. வயிற்றுப்போக்கு இருக்கும்போதும், உடம்பு மெலிந்து களைத்திருக்கும்போதும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் பயன்படுத்துங்கள். தோல் ஷாப் மூட்டையில் இருப்பது மருந்துக்கு ஆகாது. கைக்குழந்தைக்கு நாமாகக் கொடுக்கவே கூடாது.

தாத்தா கையில் ஒட்டிய கறை கழுவினாலும் போகவில்லை. அவ்வளவு வேகமுள்ள காய், வயிற்றுக்குள் போனால் சும்மா இருக்குமா? அளவு தெரிந்து, கேட்டுத் தெரிந்து பயன்படுத்துவோம்.