79வது நிமிடம்: அந்த கோலைத் தடுத்திருக்க முடியுமா?



ஒரு கோல் விழுது. டிவியில் நாலு கோணத்தில் ரீப்ளே ஓடுது. உடனே நம்ம வீட்டு சோபாவில் இருந்து தீர்ப்பு வந்துடும். "கீப்பர் ரெண்டு அடி தள்ளி நின்னிருந்தா புடிச்சிருக்கலாம்."

இப்படி ஒரு தீர்ப்பை ஒரு நாடே சேர்ந்து ஒரு மனிதருக்கு எழுதியது. அவர் அதை சாகும் வரை, 50 வருடங்கள் சுமந்தார். பெயர் மொவாசிர் பார்போசா. பிரேசில் அணியின் கோல்கீப்பர்.

அவர் கதையோடு, அந்த கோல் உண்மையிலேயே தடுத்திருக்கக்கூடியதா என்பதையும் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். கொஞ்சம் நீளமான இழைதான். டீ போட்டு வச்சுக்கோங்க.

🔴 1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ, மரக்கானா மைதானம்.

அந்த உலகக் கோப்பையில் தனியாக இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. கடைசி நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை.

பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 டிரா செய்து, ஸ்வீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்கு ஒரு டிரா போதும். கோப்பை அவர்களுக்குத்தான்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தக் கூட்டம் கிட்டத்தட்ட 2 லட்சம் என்று சொல்வார்கள்.

47வது நிமிடம் ஃப்ரியாசா கோல் அடித்தார். பிரேசில் 1-0. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

66வது நிமிடம். உருகுவேயின் வலது விங்கர் அல்சிடெஸ் கிக்ஜா, தன்னைத் தடுக்க வந்த பிகோடியைத் தாண்டி ஓடி, பந்தை நடுவில் தள்ளினார். ஓடி வந்த ஸ்கியாஃபினோ அதை வலைக்குள் அடித்தார். 1-1.

இந்தக் காட்சியை மனசில் வச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

79வது நிமிடம். அதே கிக்ஜா, அதே வலது பக்கம், அதே பிகோடியைத் தாண்டி ஓடி வருகிறார். நடுவில் உருகுவே வீரர்கள் பந்துக்குக் காத்திருக்கிறார்கள். பார்போசா கம்பத்தை விட்டு ஒரு எட்டு விலகி, நடுவில் வரப்போகும் பந்தை எதிர்பார்க்கிறார். கிக்ஜா நடுவில் தள்ளவில்லை. கீப்பருக்கும் அருகில் உள்ள கம்பத்துக்கும் நடுவே இருந்த சின்ன சந்தில் தரையோடு அடித்தார். பார்போசா தன் இடது பக்கம் திரும்பிப் பாய்ந்தார். எட்டவில்லை. 2-1.

ஆட்டம் அப்படியே முடிந்தது. உருகுவே உலக சாம்பியன்.

🔴 சரி, இப்ப கேள்விக்கு வருவோம். தடுத்திருக்க முடியுமா?

கோல் கம்பங்களுக்கு நடுவே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இவ்வளவையும் ஒரே ஆள் எப்படிக் காப்பாற்றுவது? முடியாது. அதனால் கீப்பரின் வேலையே எந்தப் பக்கத்தை மூடுவது, எந்தப் பக்கத்தைத் திறந்து விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான்.

ஓரத்தில் இருந்து ஒருவர் பந்தோடு வரும்போது கீப்பர் முன்னால் இரண்டு ஆபத்துகள்.

1️⃣ வருபவர் நேராக அருகில் உள்ள கம்பத்தின் பக்கம் அடிக்கலாம். இதை 'நியர் போஸ்ட்' என்பார்கள்.

2️⃣ நடுவில் ஓடி வரும் சக வீரருக்குத் தள்ளலாம். அவருக்கு முன்னால் முழு கோலும் திறந்து கிடக்கும்.

கம்பத்தை ஒட்டி நின்றால் முதல் ஆபத்து அடைபடும், இரண்டாவது திறக்கும். விலகி நின்றால் அப்படியே தலைகீழ்.

இங்கே உடலியலையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு கணக்குக்காக, பந்து 10 மீட்டர் தூரத்தில் இருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீப்பரிடம் இருப்பது அரை வினாடி. கண் பார்த்து, மூளை புரிந்து, தசைக்குக் கட்டளை போய்ச் சேரவே அதில் சுமார் 0.2 வினாடி காலி. மீதி 0.3 வினாடியில்தான் பாய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பின் எடை ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அதை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்ப இன்னும் நேரம் பிடிக்கும். பார்போசா மெதுவானவர் என்பதல்ல விஷயம். அவர் உடம்பு வலப்பக்கம் கிளம்பிவிட்டது. பந்து இடப்பக்கம் வந்தது.

🔴 அப்போ ஏன் விலகினார்?

13 நிமிடம் முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்க. அதே ஆள், அதே பக்கம், நடுவில் தள்ளினார், கோல் விழுந்தது. எந்தக் கீப்பராக இருந்தாலும் அதைத்தான் எதிர்பார்ப்பார். முதல் கோல் மாதிரியே செய்வேன் என்று கீப்பர் நினைத்து இடைவெளி விட்டார், அதில் அடித்தேன் என்று கிக்ஜாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். நியர் போஸ்ட் கீப்பரின் பொறுப்பு என்பது கால்பந்தில் பாலபாடம். அதோடு, கிக்ஜா அந்தத் தொடரில் அதற்கு முந்தைய மூன்று ஆட்டத்திலும் கோல் அடித்தவர். அடிக்கத் தெரியாத ஆள் இல்லை. இந்த இரண்டும் உண்மை.

அதனால் என் பதில் இதுதான். கம்பத்தோடு நின்றிருந்தால் அந்த ஒரு ஷாட்டைத் தடுத்திருக்கலாம். ஆனால் அவர் அங்கேயே நின்று, கிக்ஜா நடுவில் தள்ளி, இன்னொருவர் காலி கோலில் அடித்திருந்தால்? "ஏற்கனவே ஒரு தடவை அப்படி வாங்கினான், மறுபடியும் கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிறான் பாரு" என்று அதே மக்கள் சொல்லியிருப்பார்கள்.

🔴 ஆஸ்பத்திரியில் ஒரு மரணத்தைத் தணிக்கை செய்யும்போதும் இதே சிக்கல் வரும். கேஸ் ஷீட்டைக் கையில் எடுக்கும்போதே முடிவு நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு படித்தால் ஒவ்வொரு வரியும் எச்சரிக்கை மணி மாதிரி கேட்கும். ராத்திரி 2 மணிக்கு அந்த நோயாளி முன்னால் நின்றவருக்கு அந்த மணிகளோடு சேர்த்து இன்னும் நூறு சத்தம் கேட்டிருக்கும்.

1975இல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார். சிலருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒவ்வொரு குழுவாக ஒவ்வொரு முடிவைச் சொன்னார். எந்த முடிவைச் சொன்னாரோ, அது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம் இருந்தது என்று மதிப்பிட்டார்கள். முடிவு தெரிந்ததால் வந்த நினைப்பு என்பதே அவர்களுக்குப் பெரிதாக உறைக்கவில்லை.

ரீப்ளே பார்க்கும் நமக்கும் இதேதான் நடக்கிறது.

ஒரு நல்ல தணிக்கை "யார் கடைசியாகத் தொட்டது?" என்பதோடு நிற்காது. சங்கிலியைப் பின்னோக்கிப் பார்க்கும். பிகோடி ஒரே ஆளிடம் இரண்டு முறை தோற்றார். முதல் கோலுக்குப் பிறகாவது அவருக்குத் துணைக்கு ஒருவர் நிரந்தரமாக நின்றிருக்க வேண்டாமா? உதவிக்கு வர வேண்டிய ஜுவெனால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது கோலுக்குப் பிறகு 11 நிமிடம் மீதி இருந்தும், அதுவரை மழையாகக் கோல் பொழிந்த அணிக்கு ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. இவ்வளவும் சேர்ந்தால்தான் தோல்வி. கீப்பர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அவருக்குப் பின்னால் வலை மட்டும்தான், அதனால் எல்லோர் கண்ணுக்கும் அவர்தான் தெரிவார்.

🔴 ஆனால் பிரேசில் தணிக்கை செய்யவில்லை. ஆள் தேடியது.

அதிகம் திட்டு வாங்கியது பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூன்று பேருமே கருப்பினத்தவர்கள். இதைத் தற்செயல் என்று கடந்துபோக முடியாது. கருப்பின கோல்கீப்பரை நம்பக்கூடாது என்ற பேச்சு அதன் பிறகு பல காலம் அங்கே ஊறிக் கிடந்தது. 2006 உலகக் கோப்பையில் டிடா முதன்மைக் கீப்பராக நின்றபோதும் பார்போசாவின் பெயரை இழுத்துத்தான் பேசினார்கள்.

பார்போசா சாதாரண ஆள் இல்லை. 1948இல் வாஸ்கோ ட காமா தென் அமெரிக்க கிளப் கோப்பையை வென்றபோதும், 1949இல் பிரேசில் கோபா அமெரிக்காவை வென்றபோதும் அந்த அணிகளின் கீப்பர் அவர்தான். அதெல்லாம் ஒரே ஒரு எட்டில் அழிந்துபோனது.

பல வருடம் கழித்து ஒரு கடையில் ஒரு அம்மா தன் மகனிடம் இவரைக் காட்டி, பிரேசில் முழுவதையும் அழ வைத்த ஆள் இவர்தான் என்று சொன்னதை அவரே வேதனையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு வாழ்த்துச் சொல்லப் போனார். ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. அப்போது அவருக்கு வயது 72.

பிரேசில் சட்டத்தில் அதிகபட்ச தண்டனையே 30 வருடம்தான், நான் 50 வருடமாக அனுபவிக்கிறேன் என்பது கடைசிக் காலத்தில் அவர் சொன்னது. 2000 ஏப்ரல் 7 அன்று இறந்தார்.

🔴 மக்களே, "தடுத்திருக்க முடியுமா?" என்று கேட்பது தப்பில்லை. கேட்கத்தான் வேண்டும். கேட்டால்தான் அடுத்த கோலையும், ஆஸ்பத்திரியில் அடுத்த மரணத்தையும் தடுக்க முடியும்.

ஆனால் கூடவே இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்க. அந்த நொடியில் அந்த ஆளுக்கு என்ன தெரியும்? அவருக்கு முன்னால் எத்தனை பேர் தாண்டப்பட்டார்கள்?

அடுத்த முறை ரீப்ளே ஓடும்போது, பந்து காலை விட்டுக் கிளம்பும் முன் படத்தை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் வரும்னு நீங்களே சொல்லிப் பாருங்க.


அரசு மருத்துவர், கால்பந்து ரசிகன்