பெங்களூரில் துலங்கிய ஊமைப்படம்

பெங்களூர் வாழ் தமிழர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எனப் போற்றப்படும் ‘கீசக வதம்’, 1910-களின் பிற்பகுதியில் ஆர். நடராஜ முதலியாரால் சென்னையில் எடுக்கப்பெற்றது. சென்னை வெப்பத்தில் படச்சுருளைக் கழுவுதல் அரிதாகையால், குளிர்ந்த பெங்களூரில் அதற்கெனக் கூடம் அமைத்தார் அவர்.

அது பேசாத படம். ஆகவே காட்சிகளுக்கிடையே தமிழ், ஆங்கிலம், இந்தி எழுத்துகள் திரையில் தோன்றிக் கதையை விளக்கின. நொடிக்கு 16 படங்கள் என்னும் கணக்கில் காமிராவைக் கையால் சுழற்றினர். சுழற்றும் கை தளர்ந்தால் திரையில் ஓட்டம் விரையும். கை விரைந்தால் ஓட்டம் தளரும். எழுத்துக்கோ அளவு வேறு: எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படித்து முடிக்கும்வரை அது திரையில் நிற்றல் வேண்டும்.

அப்படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை. அதனைத் துலக்கிய நகரில் வாழ்வோர் இவ்வரலாற்றையேனும் காத்தல் கடன்.