வைட்சாப்பல் மணி வார்ப்பகம்

வைட்சாப்பல் மணி வார்ப்பகம் என்பது இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 2017ஆம் ஆண்டு வரை இயங்கிய வெண்கல மணி வார்ப்பு நிறுவனமாகும். 1570இல் தொடங்கப்பட்டதாகக் கொள்ளப்படும் இந்நிறுவனம், பிரித்தானியாவின் மிகப் பழைய உற்பத்தி நிறுவனம் என அறியப்பட்டது. அமெரிக்காவின் விடுதலை மணியும் இலண்டனின் பிக் பென்னும் இங்கு வார்க்கப்பட்டவை. இரண்டுமே பின்னர் விரிசல் கண்டன.

வரலாறு

தொடக்ககால உரிமையாளர்களுள் இராபர்ட் மோட் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 18ஆம் நூற்றாண்டில் தாமசு லெசுட்டர் காலத்தில், முன்பு ஒரு விடுதி இருந்த வைட்சாப்பல் சாலை இடத்துக்கு வார்ப்பகம் மாறியது. இறுதிவரை அங்கேயே இருந்தது. பின்னர் மியர்சு குடும்பத்தினரும், 1904 முதல் இயூசு குடும்பத்தினரும் இதனை நடத்தினர்.

வார்ப்பு முறை

மணி வெண்கலத்தில் செம்பு ஏறத்தாழ 77 விழுக்காடும் வெள்ளீயம் 23 விழுக்காடும் இருக்கும். சிலை வார்க்கும் வெண்கலத்தைவிட இதில் வெள்ளீயம் மிகுதி. நல்ல ஒலி அதனால்தான் கிடைக்கிறது. மணி எளிதில் உடையக்கூடியதாக இருப்பதற்கும் அதுவே காரணம். மணல், களிமண், ஆட்டுமயிர், குதிரைச் சாணம் ஆகியவற்றைக் கலந்து உள்ளச்சும் வெளியச்சும் செய்வர். இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். ஆறிய மணியைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சீவிச் சுருதி சேர்ப்பர். அளவுக்கு மீறிச் சீவிவிட்டால் உலோகத்தைத் திரும்பச் சேர்க்க இயலாது.

விடுதலை மணி

பென்சில்வேனியா சட்டமன்றம் 1751இல் கேட்டுக்கொண்டபடி வார்க்கப்பட்ட மணி, 1752இல் பிலடெல்பியாவை அடைந்தது. சோதித்துப் பார்த்தபோதே அது விரிந்தது. உள்ளூர் வார்ப்பாளர்களான பாசு, இசுட்டோ இருவரும் அதனை உருக்கி இருமுறை மறுவார்ப்புச் செய்தனர். எனவே பிலடெல்பியாவில் உள்ள மணியின் பெரும்பகுதி உலோகம் வைட்சாப்பலுடையது எனினும் வார்ப்பு அதனுடையதன்று.

பிக் பென்

பிக் பென் என்பது மணிக்கூண்டின் பெயர் எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். வேறொரு வார்ப்பகம் செய்த முதல் மணி சோதனையின்போது உடைந்துபோனதால், 1858 ஏப்ரல் 10 அன்று சியார்ச் மியர்சு புதிய மணியை வார்த்தார். அது ஆற 20 நாட்கள் பிடித்தன. ஏறத்தாழ 13.7 டன் எடையுள்ள அதனை 16 குதிரைகள் வெசுட்மின்சிட்டருக்கு இழுத்துச் சென்றன.

1859 சூலையில் ஒலிக்கத் தொடங்கிய மணி செப்டம்பரிலேயே விரிந்தது. கடிகாரத்தை வடிவமைத்த வழக்கறிஞர் எட்மண்டு பெக்கெட் டெனிசன் வார்ப்பில்தான் குறை என்றார். அவர் பொருத்திய சம்மட்டி அளவுக்கு மீறிக் கனமானது என்றது வார்ப்பகம். பூசல் அவதூறு வழக்காக நீதிமன்றம் வரை சென்றது; டெனிசன் வெல்லவில்லை. இறுதியில், அரச வானியலாளர் சியார்ச் ஏரியின் யோசனைப்படி, மணியைச் சற்றுத் திருப்பி, இலேசான சம்மட்டியைப் பொருத்தி, விரிசல் பரவாதிருக்க விளிம்பில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்தனர். விரிந்த அந்த மணியே இன்றும் ஒலிக்கிறது. கேட்பவர்களுக்குப் பழகிப்போன அதன் தனித்தன்மையான ஒலியில் அவ்விரிசலுக்கும் பங்குண்டு.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது வார்ப்பகம் கடற்படைக்கான பாகங்களை வார்த்தது. 1941 குண்டுவீச்சில் அழிந்த செயிண்ட் மேரி-லெ-போ தேவாலயத்தின் மணிகளுக்கு மாற்றாக, 1956இல் புதியவற்றைச் செய்தளித்தது. மணி ஒன்று நூற்றாண்டுகள் நிலைப்பது. ஒருமுறை வாங்கிய தேவாலயம் மீண்டும் வாங்க வருவது அரிது. புதிய தேவாலயங்களும் குறைந்த நிலையில், வார்ப்பகத்தை மூடும் முடிவு 2016 திசம்பரில் அறிவிக்கப்பட்டது. கடைசி மணி 2017 மார்ச்சில் வார்க்கப்பட்டது.

கட்டடத்தை விடுதியாக மாற்றும் திட்டத்தை, அங்கே மீண்டும் வார்ப்புத் தொழில் நடக்கவேண்டும் என்று விரும்பியோர் எதிர்த்தனர். பொது விசாரணைக்குப் பின், 2021 மே மாதம் பிரித்தானிய அரசு அத்திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது.