பெர்க்லி சுதந்திர வாழ்வு மையம்: தலைமையும் தொண்டர்களும்

பெர்க்லி சுதந்திர வாழ்வு மையம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள பெர்க்லி நகரில் 1972ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு. மாற்றுத்திறனாளிகள் தாமே தொடங்கித் தாமே நிருவகித்த இவ்வகை மையங்களுள் இதுவே முதலாவது. அதுவரை இத்துறையில் இயங்கிய அமைப்புகளில் பெரும்பாலானவற்றை மருத்துவர்களும் அறநெஞ்சச் செல்வர்களும் பெற்றோர் சங்கங்களும் நடத்திவந்தனர். அவற்றில் உதவி பெறுவோருக்கு நிருவாகக் குழுவில் பெரும்பாலும் இடமில்லை. பெர்க்லியில் இம்முறை தலைகீழானது. உதவி தேவைப்பட்டவர்கள் தலைமை ஏற்றனர். நடமாடக் கூடியவர்கள் அவர்களின்கீழ் ஊழியர்களாகவும் தொண்டர்களாகவும் பணியாற்றினர். இம்மையத்தின் வரலாற்றுச் சிறப்பு முதன்மையாக இதில்தான் உள்ளது.

தோற்றம்

மையத்தின் வேர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், கவல் மருத்துவமனையின் ஒரு கூடத்தில் இருக்கிறது. எட் ராபர்ட்ஸ் (1939-1995) பதினான்காம் வயதில் போலியோ நோய்க்கு ஆளானார். ஒரு கையின் இரு விரல்களும் சில கால்விரல்களும் தவிரக் கழுத்துக்குக் கீழ் எதுவும் அசையவில்லை. இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் உருளைவடிவ மூச்சுக் கருவிக்குள் உறங்கினார். பகலில் காற்றை வாயால் விழுங்கி நுரையீரலுக்குள் தள்ளும் முறையைப் பழகிக்கொண்டார். உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைத் தொலைபேசி வழியே கேட்டுப் படித்தார். உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று கூறிப் பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. தாயார் சோனா ராபர்ட்ஸ் வாதாடி அதைப் பெற்றார். பிற்காலத்தில் மகனின் இயக்கத்தில் ஆலோசகராகப் பணியாற்றிய இவ்வம்மையாரை இயக்கத்தின் முதல் தொண்டர் என்று கொள்வதில் தவறில்லை.

கல்லூரிச் செலவுக்கு உதவ வேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை, இவர் ஒருநாளும் வேலைக்குப் போகப்போவதில்லை என்று கூறி விண்ணப்பத்தைத் தள்ளியது. செய்தி நாளேடுகளில் வெளிவந்த பின்னரே துறை இறங்கிவந்தது. 1962இல் ராபர்ட்ஸ் பெர்க்லியில் சேர்ந்தார். மாணவர் விடுதி எதிலும் இரும்பு நுரையீரலை வைக்க இயலவில்லை. மாணவர் நலப் பிரிவின் தலைவராக இருந்த மருத்துவர் ஹென்றி புரூயின், மருத்துவமனைக் கூடம் ஒன்றையே விடுதி அறையாகப் பயன்படுத்திக்கொள்ள இசைவு தந்தார். மறுஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார். முதுகுத்தண்டு அடிபட்டுக் கைகால் செயலிழந்த இவர் நெடிதுயர்ந்த உருவத்தினர். பத்தாண்டு முடிவதற்குள் கூடத்தில் ஏறத்தாழப் பன்னிருவர் தங்கிப் படித்தனர். தம்மை 'ரோலிங் குவாட்ஸ்' (சக்கரத்தில் உருளும் கைகால் செயலிழந்தோர்) என்று அழைத்துக்கொண்டனர்.

அங்கு நோயாளிகளுக்குரிய ஒழுங்கு நிலவவில்லை. ஒவ்வொருவரும் தம் உதவியாளரைத் தாமே பேசி அமர்த்தினர், பிடிக்காவிடில் மாற்றினர். ராபர்ட்சுக்குத் தொடக்கத்தில் அவருடைய தம்பியே உதவியாளராக இருந்தார். மின்விசைச் சக்கர நாற்காலி கைக்கு வந்ததும் நள்ளிரவில் ஊர் சுற்றுவதும் நடந்தது. வளாகத்தில் அக்காலத்தே கொந்தளித்துக்கொண்டிருந்த பேச்சுரிமைப் போராட்டமும் கறுப்பின மக்களின் குடிமையுரிமைப் போராட்டமும் கூடத்துச் சன்னல்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. 1969இல் மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர் ஒருவர், மதிப்பெண் குறைவு முதலிய காரணங்களைக் காட்டி இரு மாணவர்களை வெளியேற்ற முயன்றபோது கூடமே எதிர்த்து நின்றது. நாளேடுகள் மீண்டும் எழுதின. மாணவர்கள் தங்கினர், இடமாற்றம் ஆலோசகருக்குக் கிடைத்தது. இச்சிறு வெற்றியே அமைப்பு என்ற எண்ணத்தை விதைத்தது எனலாம்.

1970இல் நடுவண் கல்வி அலுவலகம் அளித்த ஏறத்தாழ 81,000 டாலர் நிதியில் ஊனமுற்ற மாணவர் திட்டம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹெஸ்லர் அதன் இயக்குநர். உதவியாளர் பட்டியல், சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு, நாற்காலி நுழையக்கூடிய வாடகை வீடு தேடித் தருதல், அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருதல் என்பன அதன் பணிகள். நாற்காலி நடுத்தெருவில் நின்றுபோனால் கல்வி நின்றுபோகும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் வகுத்த பட்டியல் இது. ஆனால் உதவி கேட்டு வந்தவர்களில் மாணவர் அல்லாத நகரவாசிகள் பலர். அவர்களுக்கென 1972இல் தனியே பதிவுபெற்றதே சுதந்திர வாழ்வு மையம். ஹேஸ்ட் தெருவில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு ஒன்றில் அது இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் நடுவண் மறுவாழ்வுப் பிரிவிடமிருந்து 50,000 டாலர் கிடைத்தது. பின்னர் டெலிகிராப் சாலைக்கு இடம்பெயர்ந்து நெடுங்காலம் அங்கேயே இருந்தது.

தலைமை

ராபர்ட்சை மையத்தின் ஒரே நிறுவனராகக் காட்டுவது மேடைப் பேச்சுக்கு எளிது, வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் நாள்களை நடத்தியவர்கள் வேறு சிலர். ராபர்ட்ஸ் சற்றுப் பின்னரே இயக்குநரானார். எனினும் அவருடைய பேச்சாற்றலும் நிதி திரட்டும் வல்லமையும் இல்லாமல் மையம் அந்த வாடகை வீட்டைத் தாண்டியிருக்காது.

நிறுவனர்களுள் ஹேல் சூகஸ் (1943-2022) தனித்துக் குறிப்பிடத்தக்கவர். பெருமூளை வாதத்தால் கைகளும் பேச்சும் கட்டுப்படாத இவர், தலையில் பொருத்திய கோலால் மடிப்பலகையிலுள்ள எழுத்துகளையும் சொற்களையும் தொட்டுக்காட்டி உரையாடினார். பெர்க்லியில் கணிதம் பயின்றவர். போக்குவரத்து விதிகளையும் உதவித்தொகைச் சட்டங்களையும் வரிவரியாகக் கற்றுவைத்திருந்தமையால் அதிகாரிகள் இவரோடு வாதிடத் தயங்கினர். கட்டட, போக்குவரத்துத் தடைகளைக் கண்காணிக்கும் நடுவண் வாரியத்தில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் இவரை உறுப்பினராக அமர்த்தினார்.

1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் ராபர்ட்சை மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக்கினார். வேலைக்கு உதவாதவர் என்று அவரை ஒதுக்கிய அதே துறை! மையத்தின் பொறுப்பு கார் விபத்தில் கைகால் செயலிழந்த பில் டிரேப்பரிடம் சென்றது. துணை இயக்குநராக ஜூடித் ஹியூமன் (1947-2023) பணியாற்றினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஹியூமனுக்குப் போலியோ கண்டது ஒன்றரை வயதில். தீ விபத்து நேர்ந்தால் இடையூறு என்று மழலையர் பள்ளியும், பின்னர் ஆசிரியர் பணிக்கு அதே காரணத்தால் நகரக் கல்வி வாரியமும் இவரை மறுத்தன. 1970இல் வழக்காடி ஆசிரியரானார். ராபர்ட்ஸ் அழைத்ததன்பேரில் 1973இல் பெர்க்லி வந்தார். மையத்தில் பேச்சு ராபர்ட்சினுடையது, கணக்கு சூகசினுடையது, பிடிவாதம் ஹியூமனுடையது என்று பிரித்துக் கூறலாம்.

உதவியாளர்களும் தொண்டர்களும்

மையத்தைச் சுற்றியிருந்த நடமாடக்கூடியவர்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகையினர் தனி உதவியாளர்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, உணவூட்டுவது இவர்கள் வேலை. இவர்கள் தொண்டர்கள் அல்லர். ஊதியம் பெறும் பணியாளர்கள். கலிபோர்னியா அரசு 1973இல் தொடங்கிய வீட்டு உதவிச் சேவைத் திட்டம் ஊதியத்தை ஏற்றது. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வேலை சொல்வதும் விலக்குவதும் மாற்றுத்திறனாளியின் உரிமை. சுதந்திர வாழ்வு என்பது சட்டைப் பித்தானைத் தானே மாட்டிக்கொள்வதன்று. யார், எப்போது மாட்டிவிட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிப்பது என்பதே மையத்தின் கோட்பாடு. மறுவாழ்வு மருத்துவம் பித்தான் மாட்டப் பழக்குவதில் மாதங்களைச் செலவிட்டது. மையத்தினரோ அந்த நேரத்தில் வகுப்புக்குப் போகலாமே என்றனர். இவர்கள் சொன்னதே சரி.

இரண்டாம் வகையினர் பார்வையற்றோருக்கு நூல் படித்துக் காட்டுவோர், சைகைமொழி பெயர்ப்போர், வண்டி ஓட்டுவோர், நாற்காலி பழுதுபார்ப்போர் ஆகியோர். மூன்றாம் வகையினரே உண்மையான தொண்டர்கள். பெரும்பாலோர் மாணவர்கள்; வியட்நாம் போர் எதிர்ப்பில் ஊறிய தலைமுறையினர். இவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட பண்பு இரக்கம் அன்று, சொன்னதைச் செய்தல். கூட்டத்தில் சூகஸ் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். அவருக்காகப் பேசிவிடக் கூடாது. தொண்டு நிறுவனங்களில் பழகியவர்களுக்கு இது எளிதில் கைவரவில்லை.

மாற்றுத்திறனாளிகளுள்ளும் ஊதியமின்றி உழைத்தோர் பலர். புதிதாக விபத்துக்குள்ளானவருக்கு, அதே நிலையில் பத்தாண்டு வாழ்ந்தவர் அமர்ந்து வழிகாட்டும் 'ஒத்தார் ஆலோசனை' மையத்தின் மிகச் சிறந்த கொடை. அதற்குப் பட்டம் தேவையில்லை. வாழ்ந்த அனுபவமே தகுதி.

நடைபாதைச் சாய்தளங்கள்

1971 செப்டம்பரில் பெர்க்லி நகர மன்றம் தெருக்களும் நடைபாதைகளும் சக்கர நாற்காலிக்கு ஏற்றவாறு அமைய வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. டெலிகிராப் சாலையையொட்டித் தெருமுனைகளில் சாய்தளங்கள் தொடர்ச்சியாக அமைக்கப்பட்டன. இரவில் சிமெண்டு மூட்டையோடு புறப்பட்டுத் தொண்டர்கள் தாமே சாய்தளம் கட்டினர் என்றொரு கதை உண்டு. ஓரிரு இடங்களில் அவ்வாறு நடந்திருப்பினும், ஊரின் சாய்தளங்களில் மிகப் பெரும்பாலானவை விண்ணப்பத்தாலும் நகர மன்றத்தின் பணத்தாலும் வந்தவை. முதல் சாய்தளமும் பெர்க்லியினதன்று. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1940களிலேயே ஊனமுற்ற போர்வீரர்களுக்காகச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. தனித்தனி முனைகளாக அன்றி, வீட்டிலிருந்து கடை, கல்லூரி வரை அறுபடாத பாதையாகக் கோரியதே பெர்க்லியின் புதுமை. விளிம்பைக் கைத்தடியால் தட்டி அறியும் பார்வையற்றோர் சாய்தளத்தால் தெரு தொடங்குமிடம் தெரியாமற் போவதைச் சுட்டினர். புள்ளிப் புடைப்புள்ள ஓடுகள் பிற்காலத்தில் அதற்குத் தீர்வாயின. விரிகுடாப் பகுதியின் பார்ட் இரயில் நிலையங்களில் மின்தூக்கி வருவதற்கு, மையம் தோன்றுவதற்கு முன்பே ஹரால்டு வில்சன் என்ற சக்கர நாற்காலிப் பயனர் தனியாளாகப் போராடி வழிவகுத்தார்.

1977 உள்ளிருப்பு

தலைமையும் தொண்டும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்வு 1977 உள்ளிருப்புப் போராட்டம். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, நடுவண் அரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் ஊனம் காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்றது. அதற்கான விதிகள் ஏறத்தாழ நான்காண்டுகளாகக் கையெழுத்தாகவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் நலத்துறை அலுவலகங்கள் முற்றுகையிடப்பட்டன. மற்ற நகரங்களில் போராட்டம் விரைவில் ஓய்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் அலுவலகக் கட்டடத்தினுள் ஏறத்தாழ நான்கு வாரம் தங்கினர். ஹியூமன் போராட்டத்தின் குரல். தசைநலிவு நோயுடைய கிட்டி கோன் அதன் அமைப்பாளர்.

உள்ளே இருந்தவர்களுள் பலர் படுக்கையில் புரள்வதற்கே ஆள் வேண்டியவர்கள். உதவியாளர்களும் அவர்களுடனேயே தங்கினர். ஓர் உதவியாளர் பலரைக் கவனித்தார். குளிர்காற்றுப் பெட்டியின் வாயில் நெகிழிப் பெட்டியை ஒட்டி மருந்துகளைக் குளிர்வித்தனர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது காது கேளாதோர் சன்னலருகே நின்று சைகைமொழியில் வெளியே செய்தி அனுப்பினர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் ஓக்லாந்திலிருந்து சூடான உணவு கொண்டுவந்தனர். அக்கட்சியைச் சேர்ந்த, பன்முகத் திசுக்கடினமாதல் நோயுடைய பிராட் லோமாக்சும் அவருடைய உதவியாளர் சக் ஜாக்சனும் உள்ளே இருந்தனர். அந்தத் தொடர்பே உணவுக்கு வழி. நகரத் தந்தை ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பினார். வாஷிங்டனுக்குச் சென்ற குழுவை ஏற்றிச் செல்ல இயந்திரத் தொழிலாளர் சங்கம் சரக்கு வண்டி ஏற்பாடு செய்தது. ஏப்ரல் 28 அன்று நலத்துறை அமைச்சர் ஜோசப் காலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். ஹியூமன், கோன் பெயர்களை நூல்கள் விரிவாகச் சொல்கின்றன; லோமாக்ஸ், ஜாக்சன் பெயர்கள் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தன. 2020இல் வெளிவந்த 'கிரிப் கேம்ப்' ஆவணப்படம் இந்நிகழ்வைப் பரவலாக அறியச் செய்தது.

பிற்கால நிலை

1978இல் மறுவாழ்வுச் சட்டம் திருத்தப்பட்டு, நாடெங்கும் இத்தகைய மையங்களுக்கு நடுவண் நிதி வழங்க வகைசெய்யப்பட்டது. மையத்தின் சட்டப் பிரிவிலிருந்து 1979இல் ஊனமுற்றோர் உரிமைச் சட்ட நிதியம் பிரிந்து வளர்ந்தது; 1990ஆம் ஆண்டின் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் உருவாவதில் அது பெரும்பங்கு ஆற்றியது. ராபர்ட்ஸ், ஹியூமன், ஜோன் லியோன் மூவரும் 1983இல் உலக ஊன ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினர். 1980களில் பெர்க்லியில் பயிற்சி பெற்ற ஜப்பானியர்கள் நாடு திரும்பி ஆங்காங்கே மையங்களை உருவாக்கினர். 1986இல் ஹச்சியோஜியில் தோன்றியது குறிப்பிடத்தக்கது. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு சுதந்திர வாழ்வை உரிமையாக ஏற்கிறது. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் அதற்கு ஒப்புதல் அளித்தன.

2010 முதல் மையம் ஆஷ்பி இரயில் நிலையத்தையொட்டிய எட் ராபர்ட்ஸ் வளாகத்தில் பிற அமைப்புகளுடன் இயங்குகிறது. சுருள்வடிவச் செந்நிறச் சாய்தளம் மேல்மாடிக்கு ஏறுகிறது. நிருவாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகளாக இருத்தல் வேண்டும் என்பது நடுவண் நிதி பெறும் எல்லா மையங்களுக்கும் இன்று சட்டப்படி விதி.