வால்வு ஸ்பிரிங்: உயர்தூக்குக் கேம் தண்டுக்கு ஏற்பப் பொருத்துதல்

வால்வு ஸ்பிரிங் என்பது, கேம் தண்டு திறந்துவிட்ட வால்வை மீண்டும் அதன் ஆசனத்திற் கொண்டுவந்து அமர்த்துவதும், திறந்து மூடும் அவகாசம் முழுவதிலும், கேமின் அசைவை ஏற்கும் டேப்பட்டை அதன் முகத்தை விட்டு அகலாதபடி அழுத்திப் பிடிப்பதுமாகிய இரு கடமைகளை உடைய எஃகுச் சுருள். எஞ்சினின் சக்தியைப் பெருக்கும் நோக்கத்துடன் வால்வை மேலும் உயர்த்தும் கேம் தண்டைப் பூட்டுவோர், பழைய ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

இச்சாதனத்தின் பூர்வ சரித்திரம் சுவை மிக்கது. சுருளின் விசை அதன் நீட்சிக்கு நேர்விகிதமாக அமையும் என்னும் விதியை ரொபேர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டார். ஆயினும் அவ்விதி மோட்டார் எஞ்சினுக்குப் பயன்படுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தெ தியோன்-பூத்தோன் செய்த சிறு எஞ்சின்களில் உள்வாங்கும் வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய ஸ்பிரிங்கை வென்று வால்வைத் திறந்தது. அந்த ஸ்பிரிங் வலுத்தால் வால்வு திறவாது, மெலிந்தால் உரிய காலத்தில் மூடாது என்னும் சங்கடத்திலிருந்து விடுபடவே இரு வால்வுகளையும் கேமினால் இயக்கும் முறை நிலைபெற்றது. 1912-ல் தியெப்பில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்ற பேஜோ காரில், சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகளும் அவற்றின் மேலாக இரு கேம் தண்டுகளும் அமைந்திருந்தன.

வேகம் ஏறியபோது ஸ்பிரிங்குகள் ஒடியத் தொடங்கின. அக்கால எஃகின் தூய்மைக்குறைவே அதற்குப் பிரதான காரணம். ஆகவே பிரிட்டிஷ் பந்தய மோட்டார் சைக்கிள்கள் சுருளைக் கைவிட்டுக் கொண்டையூசி வடிவான கம்பியை நாடின. நோர்ட்டன் மாங்ஸ் அதற்குப் புகழ்பெற்ற சாட்சி. வேறு சிலர் ஸ்பிரிங்கையே நீக்கி, வால்வை இழுத்து மூடுவதற்கும் தனியாக ஒரு கேமை வைத்தனர். 1914-ல் டெலாஜ் முயன்ற இம்முறையை, 1954-ல் மெர்சிடிஸ் நிறுவனம் டபிள்யூ-196 காரில் வெற்றியுடன் கையாண்டது; 1956-ல் டுக்காட்டியின் ஃபாபியோ தாலியோனி 125 சி.சி. மோட்டார் சைக்கிளில் அதைப் புகுத்தினார். 1986-ல் ரெனோ ஃபார்முலா-1 எஞ்சினில் அமுக்கிய வாயுவே ஸ்பிரிங்கின் இடத்தைப் பிடித்தது. இவையெல்லாம் செல்வந்தரின் வழிகள். சாதாரண மனிதனின் எஞ்சினுக்குச் சுருளே கதி.

இலங்கைக்கும் மோட்டார்ப் பந்தயம் புதியதன்று: நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934-லிருந்து வரும் பெருமை உடையது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில், உலக யுத்தகாலத்து விமானத்தளமே பிற்காலத்தில் பந்தயத் தளமாயிற்று. இத்தீவினருக்கு நன்கு பழகிய மொறிஸ் மைனரும் மினியும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) ஏ-வரிசை எஞ்சினையே சுமந்தன. 1956-ல் வந்த மைனர்-1000 காரில் அதன் கொள்ளளவு 948 சி.சி.; நிமிடத்திற்கு 4,750 சுற்றில் 37 குதிரைச்சக்தி; வால்வின் தூக்கு 7.24 மில்லிமீட்டர். 1963-ல் தோன்றிய மினி கூப்பர் எஸ் காருக்கு ஒன்றனுள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங்குகள் பூட்டப்பட்டன. ஏ-வரிசையில் கேம் நேரடியாக வால்வைத் தள்ளுவதில்லை. டேப்பட், புஷ் ராட், ராக்கர் ஆகிய மூன்றையும் கடந்தே அதன் அசைவு வால்வை அடைகிறது. அவற்றின் எடையையும் ஸ்பிரிங்கே அடக்கியாள வேண்டும்.

வேகம் இருமடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்காகும். 5,000 சுற்றில் போதுமான ஸ்பிரிங், அதே கேமுடன் 6,000 சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலுப்பெற்றிருக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். வலு போதாதவிடத்து டேப்பட் கேமின் மூக்கைத் தாண்டியதும் அந்தரத்தில் மிதக்கிறது. வால்வு ஆசனத்தில் மோதித் துள்ளுகிறது. எஞ்சின் சக்தியை இழந்து இருமத் தொடங்குகிறது. மிஞ்சினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்கின்றன.

உதாரணமாக, பூட்டிய நிலையில் 40 மில்லிமீட்டர் உயரமும் 30 கிலோ அழுத்தமும், மில்லிமீட்டருக்கு 4 கிலோ வீதமும் உடைய ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். தூக்கு 8 மில்லிமீட்டரானால் திறந்த நிலையில் அழுத்தம் 62 கிலோ. 11 ஆனால் 74 கிலோ. அதன் சுற்றுகள் யாவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் உயரம் 28 மில்லிமீட்டராயின், 11 மில்லிமீட்டர் தூக்கில் எஞ்சுவது ஒரு மில்லிமீட்டரே. ஒன்றரையாவது எஞ்சியிருத்தல் நல்லது. இந்நிலையில் அழுத்தம் கூடட்டுமென்று அடியில் ஒரு மில்லிமீட்டர் தகடு (ஷிம்) வைப்பவர், ஆசன அழுத்தத்தில் 4 கிலோவைச் சம்பாதித்து, எஞ்சியிருந்த இடைவெளி முழுவதையும் இழந்துவிடுகிறார்; எஞ்சின் முதற் சுற்றிலேயே கம்பி கட்டையாகிப் புஷ் ராட் வளையக்கூடும். ஸ்பிரிங்கின் தலைத்தட்டு, முழுத்தூக்கில் வால்வு கைடின் முனையில் இடிக்கிறதா என்பதும் அளந்தறிய வேண்டியதே.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அறியக் கராஜ்களிற் கையாளும் உபாயம் எளியது. பிஸ்டனின் தலையிற் சிறுபிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இருமுறை முழுதாகச் சுற்றிக் கழற்றினால், வால்வு பதிந்த குழி தெரியும். பிளேடால் நறுக்கி மிக மெல்லிய இடத்தை அளப்பர். உள்வாங்கும் வால்வுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் வெளியேற்றும் வால்வுக்கு அதனிலும் சற்று அதிகமாகவும் விடுவது வழக்கம்.

வலுவான ஸ்பிரிங் எப்போதும் நன்று என்பது பாமர அபிப்பிராயம். மிகையான அழுத்தம் கேமின் மூக்கைத் தேய்க்கும். புதிய கேமும் புதிய டேப்பட்டும் முதல் இருபது நிமிடம் 2,000 சுற்றளவில் ஓடிப் பழகுமுன் அத்தேய்வு நேர்ந்தால் இரண்டும் பாழ். புதிய கேமுக்குப் பழைய டேப்பட்டைப் பூட்டுதல் அறவே தகாது. கேமைச் செதுக்கியவர் எந்த ஸ்பிரிங்கை விதித்தாரோ அதுவே உரியது. இரட்டை ஸ்பிரிங்கில் உட்சுருளும் வெளிச்சுருளும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றின் கம்பி மற்றதன் இடுக்கிற் புகுந்து சிக்கும். தற்காலத்தில் மேல்நோக்கிக் குறுகும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்குகளும் உபயோகத்தில் உள்ளன.

ஆயினும் எல்லா எஞ்சினுக்கும் இத்தனை முயற்சி தேவைப்படுவதில்லை. இலங்கையின் கிழக்கே, செங்கலடியிலிருந்து மகா ஓயா வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ-5 வீதியிலுள்ள கரடியனாறு, வயலும் குளமும் சூழ்ந்த பிரதேசம். அங்கு எஞ்சின் என்றால் பெரும்பாலும் உழவு இயந்திரமே. மசி பெர்குசன்-135 வகையின் மூன்று சிலிண்டர்ப் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் முழுச்சக்தியைத் தருவது 2,250 சுற்றில். அவ்வேகத்தில் வால்வு மிதத்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அத்தகைய எஞ்சினுக்கும், அவ்வீதியில் நிதானமாக ஓடும் பழைய மைனருக்கும், தொழிற்சாலை கொடுத்த அளவிலான புதிய ஸ்பிரிங்கை மாற்றுவதே போதுமானது.