உறையாமல் நின்ற நீரும் உப்பின் கணக்கும்

தண்ணீர் 0 பாகையில் உறையும் எண்டுதான் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் படித்தோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 1721இல் ஃபாரன்ஹைட் மழைநீரைக் கண்ணாடிக் குமிழொன்றில் விட்டு, காற்றை அகற்றி மூடி, இரவு முழுக்கக் கடுங்குளிரில் வைத்தார். குளிர் 15 ஃபாரன்ஹைட் பாகை. செல்சியஸில் பூச்சியத்துக்குக் கீழே 9 பாகைக்கும் மேல். காலையில் பார்த்தால் நீர் நீராகவே இருந்தது! குமிழின் நுனியை உடைத்ததும் உள்ளே பனிக்கட்டி படர்ந்தது. இதைத்தான் இன்று மீக்குளிர்ச்சி என்கிறோம்.

உப்பு போட்டாலும் நீர் 0 பாகையில் உறையாது. அப்படியெண்டால் இரண்டும் ஒரே விசயமா?

1771இல் கேம்பிரிட்ஜில் கடுங்குளிர் அடித்தபோது, றிச்சட் வாட்சன் உப்புக் கரைசல்களை வெளியே வைத்துப் பார்த்தார். உப்பு கூடக் கூட, அதே விகிதத்தில் உறைதலுக்கான எதிர்ப்பும் கூடியது. 1788இல் இலண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் இதை அளந்து எழுதினார். விதிக்கு ஒட்டிக்கொண்டது பிளாக்டனின் பெயர். வாட்சனின் பெயரை இன்று யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

ஆனால் பிளாக்டன் இன்னொன்றையும் செய்தார். உப்புக் கரைசலும் தன்னுடைய புதிய உறைநிலைக்குக் கீழே திரவமாக நிற்கலாம் எண்டு காட்டினார். சேறு கலங்கிய நீர் அவ்வளவு தூரம் தாங்காது. சிறு பனித்துண்டு பட்டால் எதுவும் தாங்காது. ஆக, கேள்விகள் இரண்டு: உறையும் எல்லை எங்கே? எல்லை தாண்டிய பிறகு பளிங்கு எப்போது தொடங்கும்? உப்பு முதலாவதை நகர்த்துகிறது. இரண்டாவது, பளிங்கு தொடங்க ஒரு வித்து கிடைப்பதைப் பொறுத்தது.

ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, பிரான்சின் கிறனோபிளில் றவூல் இந்த வேலையை எடுத்தார். அவர் நீரோடு நிற்கவில்லை. அசற்றிக்கமிலம், பென்சீன் போன்ற சேதனக் கரைப்பான்களிலும் உறைநிலை இறக்கத்தை அளந்தார். எத்தனை மூலக்கூறு கரைந்தது என்பதுதான் முக்கியம், எது கரைந்தது என்பதல்ல என்ற ஒழுங்கு தெரிந்தது. அந்த ஒழுங்குக்குள் அடங்காமல் நின்றது நீரில் கரைந்த கறியுப்பு. நீரிலே சீனி தரும் இறக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை அது தந்தது.

இந்த இரட்டிப்பை அளவுப் பிழை எண்டு தள்ளியிருக்கலாம். சுவீடனின் அறீனியஸ் தள்ளவில்லை. உப்பு நீரில் இரண்டு அயன்களாகப் பிரிகிறது, அதனால் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது என்று 1887இல் வாதிட்டார். மூன்று வருடத்துக்கு முன் உப்சாலாவில் அவருடைய கலாநிதி ஆய்வு தாழ்ந்த தரத்தோடுதான் தேறியிருந்தது. அதே ஆளுக்கு 1903இல் நோபல் பரிசு.

அடுத்த வருடம், 1888இல், பெக்மன் உறைநிலை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். அதில் கரைசலை வேண்டுமென்றே சற்று மீக்குளிர விடுவார்கள். பளிங்கு தொடங்கியதும் வெப்பம் வெளிவந்து வெப்பமானி மேலே ஏறும். அந்த ஏற்றத்தில்தான் உண்மையான உறைநிலை தெரியும். ஃபாரன்ஹைட்டை வியக்கவைத்த விசயம் இங்கே அளவீட்டின் ஒரு படியாகிவிட்டது.

இன்று எங்கள் கையிலிருக்கும் தொலைபேசியின் பற்றரிக்குள்ளும் இதே கதைதான். அதிலுள்ள எதிலீன் காபனேற்று தனியே இருந்தால் சுமார் 36 பாகையிலேயே திண்மம். வேறு கரைப்பான்களும் லிதியம் உப்பும் சேர்ந்து அதைத் திரவமாக வைத்திருக்கின்றன. உப்பு எல்லையைக் கீழே தள்ளுகிறது. கரைசலைத் தடிப்பாக்கி, மூலக்கூறுகள் பளிங்காக அடுக்குப்படுவதையும் தாமதிக்கிறது. பிளாக்டன் பிரித்துக் காட்டிய இரண்டு கேள்வியிலும் உப்புக்குக் கை இருக்கிறது.

விஞ்ஞான வரலாறு எண்டால் ஞானிகளின் பெயர்ப் பட்டியல் எண்டுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இந்தக் கதையில் எங்களைப் பிடித்து நிறுத்துவது பெயர்கள் அல்ல. கணக்குக்குள் அடங்காத கறியுப்பை யாரும் அழித்துவிட்டுப் போகாததுதான்.