சஹரில் உண்டது மாலை வரை எங்கே இருக்கிறது?

சஹரில் நாம் உண்ணும் உணவு சில மணி நேரத்தில் செரித்து, அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலந்து விடுகிறது. நம் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸோ ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான்! அப்படியானால் மஃரிப் வரை நம்மை நடமாட வைப்பது எது?

தேவைக்கு மேல் வரும் குளுக்கோஸை, கணையம் சுரக்கும் இன்சுலின் சேமிப்புக்கு அனுப்புகிறது. கிளைக்கோஜன் என்னும் வடிவில் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் தங்குகின்றன. தசை தன் இருப்பைத் தனக்கே வைத்துக்கொள்ளும். கல்லீரல்தான் இரத்தத்திற்குத் திருப்பித் தரும். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் தேவை என்பதால், கல்லீரலின் பணி எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்து கொள்ளலாம்.

நேரம் செல்லச் செல்ல இன்சுலின் குறைகிறது. குளுக்ககான் என்ற ஹார்மோன் கூடுகிறது. கல்லீரலின் இருப்பு கரையக் கரைய, உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. மேலும் கிளைக்கோஜன் தன் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்தே சுமக்கிறது. நோன்பின் முதல் சில நாட்களில் எடை சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். இஃப்தாரில் வடை, சமோசா, சர்பத் என்று அளவு மீறினால் எரிந்த கொழுப்பு திரும்பவும் வந்து சேர்ந்து விடும்.

சர்க்கரை நோயாளிகளின் நிலை வேறு. இன்சுலின் ஊசியும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சில மாத்திரைகளும், நாம் நோன்பு வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அஸருக்குப் பின் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று வீட்டுப் பெரியவர்கள் பொறுத்துக் கொள்கிறார்கள். இது ஆபத்து. சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருந்தை நாமாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. ரமளானுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரைச் சந்தித்து, எந்த மருந்தை எந்த நேரத்தில் எவ்வளவு எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.